சுடுமண் சிற்பி எங்கே படிக்கிறார்?



கல்விக்கென்று அறக்கட்டளை நிறுவிப் பொருளை ஒதுக்கி வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பாகூர்ச் செப்பேடு அதற்குச் சான்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், 9-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது அது. சேத்துப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்களையும் பாகூரில் இயங்கிய வித்தியாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு விட்டுக்கொடுத்த செய்தியை அது சொல்கிறது. அந்த ஊர்களின் வருவாயில் ஆசிரியரும் மாணவரும் சோற்றுக் கவலையில்லாமல் வேதமும் சாத்திரமும் படிக்கலாம். அதே ஏட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. அதை எழுதியவர் பல்லவர்களுக்குப் பரம்பரையாகப் பணிசெய்த பொற்கொல்லர் குடும்பத்தவர். செம்புத் தகட்டில் எழுத்துப் பிசகாமல் உளி ஓட்ட அவர் எத்தனை ஆண்டு பழகியிருப்பார்! அந்தப் பழக்கமும் கல்விதான். ஆனால் அந்த மூன்று ஊர்களில் ஒரு குழி நிலம்கூட அதற்காக எழுதி வைக்கப்படவில்லை.

நான் இன்று பேச வந்தது அந்தப் பொற்கொல்லர் பெற்றது போன்ற கல்வியைப் பற்றி. உருவம் செய்கிற ஒருவர் எப்படி உருவாகிறார், எத்தனை காலத்தில் உருவாகிறார், அந்தக் காலத்துக்கு யார் சோறு போடுகிறார்கள் என்பதே என் கேள்வி. அதற்கு வில்லியனூரை எடுத்துக்கொள்கிறேன். எடுத்துக்கொள்ள நல்ல காரணம் இருக்கிறது.

செஞ்சி மலைப் பக்கமிருந்து இறங்கி வரும் சங்கராபரணி வில்லியனூரைத் தொட்டுச் சென்று, கீழே அரியாங்குப்பத்து ஆறாகவும் சுண்ணாம்பாறாகவும் பிரிந்து கடலில் சேர்கிறது. அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில்தான் அரிக்கமேடு. 1945-இல் மார்டிமர் வீலரும் அடுத்துவந்த ஆண்டுகளில் கசாலும் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கே தோண்டினார்கள். ரோமானியக் குடுவைகளைப் பற்றித்தான் உலகம் பேசியது. ஆனால் தோண்டிய குழிகளில் மூட்டை மூட்டையாக வந்தவை உள்ளூர்க் குயவர் வனைந்த பானைகளின் ஓடுகள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஆற்று வண்டலை நம்பி ஒரு தொழில் நடந்திருக்கிறது. இன்று வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. திருக்கனூர்க் காகிதக்கூழ் பொம்மைகளுக்கும் கிடைத்திருக்கிறது. மண்ணும் ஊரும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்று சட்டமே ஒப்புக்கொண்ட ஊர் வில்லியனூர்.

அந்த ஊர்க்காரர் வி. கே. முனுசாமி அவர்கள். வசதியில்லாத மரபுக் குயவர் குடும்பத்தில் பிறந்து, வீட்டிலேயே தொழில் கற்று, சுடுமண் சிற்பத்துக்காக 2020-இல் பத்மஸ்ரீ பெற்றவர். கட்டைவிரலுக்குள் அடங்கும் சிற்றுருவத்தையும் செய்வார், நிமிர்ந்து பார்க்க வேண்டிய பேருருவத்தையும் செய்வார். முருங்கப்பாக்கம் கைவினைக் கிராமத்தில் பலருக்குக் கற்றுக்கொடுத்து வருகிறார். அவரைப் பற்றிய செய்திகள் எல்லாம் விருதில் தொடங்கி விருதில் முடிகின்றன. எனக்கு அந்த விருதுக்கு முந்திய காலத்தின் மீதுதான் அக்கறை. ஒரு குயவர் வீட்டு முற்றத்தில் வளரும் பிள்ளை எதை முதலில் கற்கிறது, எதைக் கடைசியில் கற்கிறது என்ற வரிசைதான் அவரைப் போன்றவர்களின் கல்வி.

முதல் பாடம் உருவமே அல்ல. மண். ஏரியில் மேலாக வெட்டிய மண்ணில் வேரும் கிளிஞ்சலும் இருக்கும்; அதற்கும் கீழே பசை உள்ள அடுக்கு ஒன்று வரும். அதைக் கொண்டுவந்து காயவைத்து, உடைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, கரைத்து வடிகட்டி, மணல் சேர்த்து மிதிக்க வேண்டும். மிதிக்கிற வேலை பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும்தான் வந்து சேரும். மிதிக்கும்போது குதிகால் ஒரு கல்லைக் கண்டுபிடிக்கும். அந்தக் கல்லை எடுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்பது சூளை பிரிக்கும் நாளில் தெரியும். சுண்ணாம்புக் கல் என்றால் இன்னும் மோசம். வெந்த பிறகு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ஊதி, நன்றாக இருந்த உருவத்தின் கன்னத்தைப் பெயர்த்துவிடும். எவ்வளவு மணல் போட வேண்டும் என்று எந்தப் புத்தகமும் இந்த ஏரிக்கு இவ்வளவு என்று சொல்லாது. பானைக்கு ஒரு பதம், குதிரைக்கு ஒரு பதம், சிற்றுருவத்துக்கு ஒரு பதம். பேருருவத்துக்கு மணலோடு உமியும் சேரும்; சூளையில் உமி எரிந்து போய் விட்டுச்செல்லும் நுண்துளைகள் வழியே ஆவி வெளியேறும்.

இரண்டாவது பாடம் பானை. உருவம் செய்யப் போகிறவனுக்குப் பானை எதற்கு என்று கேட்கத் தோன்றும். சுடுமண் உருவம் வெளியில் பார்த்தால் குதிரை, உள்ளே பார்த்தால் பானை. கெட்டியாகப் பிடித்த பெரிய மண்கட்டி சூளையில் வெடித்துவிடும். நடுவில் தங்கிய ஈரம் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் உடைத்துக்கொண்டு வரும். எனவே சுவர் ஒரே கனமாக, உள்ளே கூடாக இருக்க வேண்டும். ஒரு கையில் உருண்டைக் கல்லை உள்ளே வைத்து, மறு கையில் தட்டுப்பலகையால் வெளியே தட்டித் தட்டிப் பானையின் வயிற்றை விரிக்கும்போது, சுவரின் கனத்தை விரல் கண்ணில்லாமலே அளக்கக் கற்கிறது. அந்த விரல்தான் பிறகு குதிரையின் மார்பைச் செய்கிறது.

ஐயனார் குதிரை செய்வதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். முதலில் நான்கு கால்கள், நான்கு குழாய்களாக நிற்கும். அவை ஓரளவு இறுகும்வரை மேலே எதையும் ஏற்றக்கூடாது. அதிகம் காய்ந்துவிட்டாலோ மேலே வைக்கும் பச்சை மண் ஒட்டாது. ஈரத்துணி போர்த்தி, காற்று வரும் பக்கத்தைத் தட்டி கட்டி மறைத்து, அந்த இடைப்பட்ட பதத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். பிறகு வயிற்றின் அடிப்பாகம். அதைக் கீழிருந்து முட்டுக்கொடுத்துத் தாங்க வேண்டும். பிறகு திரி திரியாக மண்ணை வைத்து விலாவும் முதுகும் ஏறும். கழுத்து ஏறும்போது பாரம் முன்னால் சாயும். அதற்காகவே முன்னங்கால்கள் தொடக்கத்திலேயே கொஞ்சம் தடித்திருக்கும். அதாவது முகம் செய்யப் போகும் நாளை, கால் செய்யும் நாளிலேயே நினைத்திருக்க வேண்டும். சேணம், மணி மாலை, கடிவாளம், பல் தெரிய விரிந்த வாய் எல்லாம் கடைசியில் வரும் அலங்காரம். ஊர்க்காரர்கள் பார்த்து வியப்பது அந்த அலங்காரத்தை. சக குயவர் வந்தால் குனிந்து வயிற்றுக்கு அடியில்தான் பார்ப்பார்.

சிற்றுருவத்தில் சிரமம் நேர்மாறானது. விரலிடையில் பிடித்த மண் உடம்புச் சூட்டிலேயே காய்ந்துகொண்டிருக்கும். சில நிமிடத்துக்குள் முகத்தின் அடித்திட்டம் விழுந்துவிட வேண்டும். மூக்கைக் கிள்ளி எடுப்பது ஒரே கிள்ளு; இரண்டாவது முறை கிள்ளினால் மண் வெடிப்பு விடும். கண்ணிமைக்குத் தென்னை ஈர்க்கைச் சீவி வைத்திருப்பார்கள். அந்த ஈர்க்கு முனையைவிட மெல்லிய கோடு போடத் தெரிய வேண்டும். காயும்போதும் வேகும்போதும் மண் சுருங்கும். பத்தில் ஒரு பங்கு வரைகூடப் போகலாம். ஆகவே மனத்தில் உள்ள அளவைவிடப் பெரிதாகச் செய்து, சுருங்கி அந்த அளவுக்கு வர விடுகிறார் சிற்பி.

மூன்றாவது பாடம் நெருப்பு. மெல்ல மெல்லச் சூடேற்றும் முதல் சில மணி நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. புகை வெளுப்பாக ஈரத்தோடு வரும்வரை விறகைக் கூட்டக்கூடாது. 500 பாகை செல்சியசைத் தாண்டும்போது மண்ணுக்குள் கட்டுண்ட நீர் பிரிகிறது. 573 பாகையில் மணலிலுள்ள குவார்ட்சு சட்டென்று விரிகிறது. இவற்றைக் குயவர் எண்ணாகப் படித்ததில்லை. புகையின் நிறமாக, சூளைக்குள் தெரியும் செம்மையாகப் படித்திருக்கிறார். ஒரு சூளை வீணானால் பல வார வேலை போச்சு, குடும்பத்தின் ஒரு மாதச் சாப்பாடு போச்சு. அந்த விலை கொடுத்துக் கற்ற பாடம் இது.

உருவச் சிற்பத்துக்கு வேறு பள்ளிகளும் நம் பக்கத்தில் உண்டு. 1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய சிற்பக் கல்லூரியை வை. கணபதி ஸ்தபதி நெடுங்காலம் நடத்தினார். அங்கே உத்தம தசதாளம் என்ற அளவுமுறையில் உருவத்தின் உயரம் 124 கூறு. முகம் எத்தனை, மார்பு எத்தனை, முழங்கால் எத்தனை என்று கல்லைத் தொடும் முன்பே கணக்கு முடிந்துவிடும். சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில் உயிருள்ள மனிதரை நிறுத்தி வைத்துப் பார்த்துச் செய்யும் பயிற்சி வேரூன்றியது. அவரிடம் படித்த எஸ். தனபால் பின்னால் அந்தப் பள்ளிக்கே முதல்வரானார். நம் அரியாங்குப்பத்தில், அரிக்கமேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், பாரதியார் பல்கலைக்கூடத்தில் சிற்பப் பட்டப்படிப்பே இருக்கிறது. புதுச்சேரி நகரத்தில் ரே மீக்கரும் டெபோரா சிமித்தும் 1971-இல் நிறுவிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் படித்தவர்கள் இந்தியா முழுக்கப் பீங்கான் கலைஞர்களாக இருக்கிறார்கள். அவர்களுடைய உலை ஏறத்தாழ 1,300 பாகை வரை போகிறது. வில்லியனூர்ச் சூளை 700, 800, மிஞ்சினால் 900. இந்தப் பள்ளிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. உடற்கூறும், வரலாறும், வேறு நாட்டுச் சிற்பிகள் என்ன செய்தார்கள் என்ற பார்வையும் அங்கே கிடைக்கின்றன, முற்றத்தில் கிடைப்பதில்லை. ஆனால் பதினெட்டு வயதில் மண்ணைத் தொடத் தொடங்குபவரிடமிருந்து, ஐந்து வயதில் மிதிக்கத் தொடங்கியவரின் விரலை எதிர்பார்க்க முடியாது.

இந்த இடத்தில் நான் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை இன்று பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். வில்லியனூர்க் குயவர் வீட்டுப் பெண்ணும் பையனும் மருத்துவராகலாம், வக்கீலாகலாம், விருப்பமிருந்தால் சிற்பியாகலாம். பிறப்பால் தொழிலைத் திணித்த பழைய ஏற்பாட்டை மீட்டுக் கொண்டுவரக் கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த ஏற்பாடு கொடுத்த நீண்ட பயிற்சிக் காலத்தை மட்டும், விரும்பி வருகிறவர் எந்தச் சாதியானாலும் அவருக்கு எப்படிக் கொடுப்பது என்பதே நம் முன்னால் உள்ள வேலை.

அந்தப் பயிற்சி எங்கே அறுந்தது? பிளாஸ்டிக் குடத்தின் மீதும் எவர்சில்வர்ப் பாத்திரத்தின் மீதும் பழி போடுவது வழக்கம். பானைக்கு அது சரி. உருவச் சிற்பத்தை அறுத்தது சிமெண்ட்.

ஐயனார் கோயிலில் மண் குதிரை நேர்த்திக்கடனாக வந்து நிற்கும். மழை பெய்யும், வெயில் அடிக்கும், காது உடையும், கால் விரியும். அதை யாரும் ஒட்டவைப்பதில்லை. அது அங்கேயே மண்ணோடு மண்ணாகச் சரிய, பக்கத்தில் புதிய குதிரை வந்து நிற்கும். தென் மாவட்டங்களில் புரவி எடுப்பு என்று இதற்கென்றே திருவிழா உண்டு. ஊரார் கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்துக் குயவரான வேளாரிடம் கொடுத்து வேலையை ஒப்படைப்பார்கள், அதைப் பிடிமண் கொடுப்பது என்பார்கள். உருவத்துக்குக் கண் திறந்து வைப்பவரும் அவர்தான். பல கோயில்களில் பூசாரியும் அவர்தான். மதுரைப் பக்கத்து வேளார்களை நெடுநாள் ஆராய்ந்த ஸ்டீபன் இங்லிஸ், படைப்பவரும் உயிரூட்டுபவரும் ஒரே ஆளாக இருப்பதைக் கண்டு அதையே தம் ஆய்வின் மையமாக வைத்தார்.

குதிரை உடைவது இழப்பு என்று நாம் நினைக்கிறோம். குயவர் முற்றத்துக்கு அது அடுத்த பாடம். ஒரு குதிரை சில ஆண்டுகளில் சரிந்தால், மீண்டும் கேட்பு வரும். இருபது வயதுப் பையன் காலைச் செய்வான், தகப்பன் கழுத்தைச் செய்வார், பாட்டன் திண்ணையில் உட்கார்ந்தபடி வயிற்றுக்கு முட்டுக்கொடுக்கச் சொல்வார். அடுத்த கேட்பு வரும்போது பையன் கழுத்துக்கு ஏறியிருப்பான். ஒருவர் ஆயுளில் பல குதிரைகள் வந்துபோனதால்தான் மூன்று தலைமுறையும் ஒரே குதிரையைச் சுற்றி நிற்க முடிந்தது. அறக்கட்டளை என்ற பெயர் இல்லாமலே ஊர்தோறும் ஐயனார் ஓர் அறக்கட்டளை நடத்திவந்தார்.

செங்கல் வைத்து, கம்பிவலை கட்டி, சிமெண்டில் குதிரை எழுப்பியதும் அந்த அறக்கட்டளை நின்றுபோயிற்று. சிமெண்டுக் குதிரைக்கு ஐம்பது, அறுபது ஆண்டு எதுவும் ஆகாது. குடமுழுக்கு வந்தால் எனாமல் பெயிண்ட் அடித்தால் போதும். நம் புதுச்சேரிக் கொம்யூன் ஊர்களில் வீச்சரிவாளோடு நிற்கும் அந்தப் பெரிய உருவங்களைச் செய்த சுதைச் சிற்பிகளின் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு முறை செய்துவிட்டால் அந்த ஊரில் இனி வேலை இல்லை. தகப்பன் குதிரை செய்வதைப் பார்க்காமலே மகன் வளர்ந்துவிடுகிறான். கற்பதற்குக் குதிரை இல்லாத இடத்தில் குதிரைச் சிற்பி எப்படி உருவாவார்?

இன்று முற்றங்களில் ஓடும் வேலை என்ன? கார்த்திகைக்கு அகல், கொலுவுக்குப் பொம்மை, சதுர்த்திக்குப் பிள்ளையார், ஆண்டு முழுக்கச் சுடுமண் நகை, சுவர் அலங்காரம். பாரிஸ் சாந்துப் பிள்ளையாருக்குத் தடை விதித்து மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வெளியிட்ட திருத்திய நெறிமுறைகளுக்குப் பிறகு களிமண் பிள்ளையாரைக் கேட்டு வருபவர்கள் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை அச்சில் எடுப்பவை. அச்சை நான் பழிக்க மாட்டேன்; அடுப்பெரிவது அதனால்தான். இரண்டு பாதியை ஒட்டும் நுணுக்கமும் சுவரின் கனமும் அச்சிலும் பழகும். ஆனால் முகம் அச்சைச் செய்தவருடையது. ஒரு புதிய முகத்தை, முன்பு யாரும் செய்யாத ஒரு நிலையை மண்ணில் நிறுத்திப் பார்க்கும் துணிவு அச்சில் வராது. முனுசாமி போன்றவர்களைத் தனித்துக் காட்டுவது அந்தத் துணிவுதான்.

மண் கிடைப்பதிலும் சிக்கல். ஊசுடு ஏரி 2008 முதல் பறவைகள் சரணாலயம். அது பாதுகாக்கப்பட வேண்டியதுதான். மற்ற ஏரிகளில் மண்ணெடுக்க அனுமதி வேண்டும். பாகூர் ஏரியைப் போன்ற பெரிய ஏரியைத் தூர்வாரும்போது குயவருக்கு வேண்டிய பசைமண் அடுக்கும் வேண்டாத மேல்மண்ணும் ஒரே லாரியில் ஏறி மனைகளை மேடாக்கப் போய்விடுகின்றன.

அரசுத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைச் சேர்த்திருக்கிறது. அடிப்படைப் பயிற்சி 5 முதல் 7 நாள், மேற்பயிற்சி 15 நாள் அல்லது அதற்கு மேல், பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு 500 ரூபாய், கருவிகளுக்கு 15,000 ரூபாய். ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்கு இது உதவி, மறுக்கவில்லை. ஆனால் பட்டியலைப் பாருங்கள்: குயவர் ஓர் இனம், சிற்பி வேறோர் இனம், அந்தச் சிற்பி கல்லில் செதுக்குபவர், பொம்மை செய்பவர் மூன்றாவது இனம். வில்லியனூரில் மண்ணால் ஆளுயர உருவம் செய்பவர் எந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதுவார்? குயவர் என்று எழுதினால் சிற்பம் மறைகிறது, சிற்பி என்று எழுதினால் கல் எங்கே என்று கேட்பார்கள். நிருபதுங்கன் காலத்திலிருந்து இந்தக் கல்விக்கு ஏட்டில் இடம் கிடைக்காமலே இருக்கிறது.

விருதும் இப்படித்தான். கை தேறிய பிறகு வருகிறது. பத்மஸ்ரீ என்பது பெரும் பெருமை, வில்லியனூருக்கே தலைநிமிர்வு. அந்தக் கை தேறிக்கொண்டிருந்த ஆண்டுகளில், சூளை வீணான மாதங்களில், ஊன்றுகோலாக எதுவும் வரவில்லை. நம் அறக்கட்டளையின் பணம் போக வேண்டிய இடம் அதுதான்.

எனவே இந்த அவைக்கு என் கோரிக்கைகளை வைக்கிறேன். அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் ஆகிய ஐந்து கொம்யூன்களிலும் கொம்யூனுக்கு ஒன்றாக, ஆண்டுதோறும் ஒரு மண் குதிரைக்கு ஐயனார் கோயில்கள் வழியாகக் கேட்பு கொடுக்க வேண்டும். சிமெண்டுக் குதிரையை அகற்ற வேண்டாம். அதன் பக்கத்தில் நிற்கட்டும். கேட்புக்கு ஒரே நிபந்தனை: வேலை நடக்கும்போது கற்பவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், குயவர் வீட்டுப் பிள்ளையோ பல்கலைக்கூடத்து மாணவியோ யாராக இருந்தாலும். அவருக்கு ஒரு சூளைக்காலம் மட்டுமல்ல, குறைந்தது மூன்று ஆண்டு உதவித்தொகை வேண்டும். முதல் ஆண்டு அவர் கால் மட்டும்தான் செய்வார் என்பதை உதவித்தொகை கொடுப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். கற்றுத்தரும் மூத்தவருக்குப் பட்டம் கேட்காமல் ஆசிரியருக்குரிய சம்பளம் கொடுக்க வேண்டும். பெண்கள் மண் மிதிப்பதோடு நின்றுவிடாமல் பேருருவத்துக்கும் வர வேண்டும்.

காலக்கணக்கு ஒன்றையும் மறந்துவிடக்கூடாது. மாரிக்காலத்தில் பெரிய உருவம் காயாது. ஆடித் திருவிழாவுக்குக் குதிரை கோயிலில் நிற்க வேண்டுமானால் சித்திரையில் சூளை வைக்க வேண்டும். அதற்குப் பங்குனியில் உருவம் எழும்பியிருக்க வேண்டும். அதற்கு மாசியில் மண் முற்றத்தில் வந்து கொட்டியிருக்க வேண்டும். அப்படியானால் ஏரி மண்ணுக்கான அனுமதிக் கடிதமும் முதல் தவணைப் பணமும் தை மாதத்திலேயே கைக்கு வந்தாக வேண்டும். விண்ணப்பத்தை இந்த ஆண்டே எழுதத் தொடங்குவோம். முதல் கொம்யூனாக வில்லியனூர் இருக்கட்டும்.